ஸிண்டிஸின் நான்காம் நகர்வு

லியபாயா நகரின் டிராம் ஷெட்டில் பிரேக் பார்க்கும் ஃபிட்டர் ஸிண்டிஸுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. சதுரங்கத்தில் எதிராளி கொஞ்சம் இடம் கொடுத்தால் போதும், நான்காம் நகர்விலேயே தன் குதிரையைக் கொண்டுபோய் ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயை வெட்டிக் காவு கொடுத்துவிடுவார். ஒரு முழுக் குதிரைக்குக் கிடைப்பது இரண்டே சிப்பாய். வெளியே வந்த ராஜாவைத் துரத்தி மடக்கிவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. பைத்தியக்காரத்தனம் என்று ஊர் சிரித்தது. ஊரும் ஒன்றும் பொய் சொல்லவில்லை.

சிரித்தவர்களோடு ஆடுவதை அவர் எப்போதோ விட்டுவிட்டார். இருபத்திரண்டு வருடமாக அஞ்சலட்டையில்தான் ஆட்டம். ஒரு அட்டைக்கு ஒரு நகர்வு. பெரும்பாலும் தோல்வி. அவர் தபால்தலையை நாக்கில் தடவும்போதெல்லாம் மனைவி வெல்ட்டா கேட்பாள்:

"என்ன, இன்னைக்கும் குதிரைய அறுத்தாச்சா?"

"போடி. ஸ்டனிஸ்லாவ்ஸையே ரெண்டு தடவ ஜெயிச்சிருக்கேன். அவன் என்ன சாதாரண ஆளா?"

சாதாரண ஆள் இல்லைதான். ரெசெக்னே என்ற ஊரில் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுக்கையில் கிடந்த ஸ்டனிஸ்லாவ்ஸ், மாஸ்டர்களையே அட்டையில் கவிழ்த்தவர். இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு அட்டையிலும் நகர்வுக்குக் கீழே இரண்டு வரி இருக்கும்: மழை, மீன், முழங்கால் வலி.

அந்த வருடம் இருவரும் மறுபடி மோதினார்கள். தன் குதிரைப் பலியைப் பற்றி ஸிண்டிஸ் எழுதிய கட்டுரையை, இந்த ஆட்டத்தை ஜெயித்தால் போடுவதாகச் சதுரங்கச் சங்கத்தின் இதழில் சொல்லியிருந்தார்கள். ஆயுள் முழுக்கக் கேலி கேட்ட மனிதருக்கு வேறென்ன வேண்டும்? பத்து நகர்வு முடிந்தது. பதினோராவது அட்டை வரவில்லை. ஸ்டனிஸ்லாவ்ஸ் இறந்துவிட்டார்.

ஆடுபவர் இறந்தால், ஆட்டம் நின்றுபோன நிலையை ஆராய்ந்து இரு தரப்பும் எழுதி அனுப்ப வேண்டும். நடுவர் தீர்ப்புச் சொல்வார். ஸிண்டிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தனக்கே வெற்றி என்று ஆறு பக்கம் எழுதினார். அதை அனுப்பும் முன்பே இறந்தவரின் தங்கையிடமிருந்து ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே ஒரு நோட்டு. "எங்க அனுப்பணும்னு தெரியல. அண்ணன் பெட்டியில இருந்த அட்டையெல்லாம் உங்க விலாசந்தான்" என்று சீட்டு வைத்திருந்தாள்.

நோட்டில், அட்டையில் வராமல் போன அதே பதினோராம் நகர்வு. ராணியை ஒரே ஒரு கட்டம் தள்ளி வைத்திருந்தார், அவ்வளவுதான். ஸிண்டிஸ் விடிய விடியப் பலகையில் அடுக்கிப் பார்த்தார். தாக்குதல் செத்துப்போயிருந்தது. பக்கத்தின் தேதி ஆறு வருடத்துக்கு முந்தையது. ஓரத்தில் ஒரு குறிப்பு: 'இதை அனுப்பக் கூடாது. அனுப்பினால் அவன் ஆடுவதையே விட்டுவிடுவான். அப்புறம் எனக்கு யார் எழுதுவார்கள்?'

அந்த இரண்டு வெற்றிகளும் அந்தத் தேதிக்குப் பிறகு வந்தவை.

வெல்ட்டாவும் அதைப் படித்தாள். பிறகு அடுப்பின் கதவைத் திறந்தாள்.

"போட்ரு. யாருக்குத் தெரியப்போகுது? ஒரு தடவையாவது நீ ஜெயிச்சுட்டுப் போ."

"எனக்குத் தெரியுமே."

"இருபத்திரண்டு வருஷம்டா, ஸிண்டிஸ்!"

"அவன் கண்டுபிடிச்சது, வெல்ட்டா. எனக்காக ஆறு வருஷம் பொத்தி வச்சிருக்கான். அதப் போய் எரிக்கவா?"

நோட்டில் இருந்த நகர்வுகளைத் தன் கையாலேயே படியெடுத்து நடுவருக்கு அனுப்பினார். தன் ஆறு பக்கத்தைத்தான் அடுப்பில் போட்டார். வெற்றி இறந்தவருக்குப் போனது. கட்டுரை திரும்பி வந்தது. அவமானத்தைவிட, பிச்சை வாங்கியதுகூடத் தெரியாமல் மார்தட்டியதுதான் அவரை அறுத்தது. அதைவிட அறுத்தது, திட்டக்கூட ஆள் இல்லாமல் போனது.

இளவேனிலில் புதுப் போட்டி. தார்த்து நகரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவரின் மூன்றாவது அட்டை வந்தது. எதிராளி இடம் கொடுத்திருந்தார். ஸிண்டிஸ் எழுதி முடித்துத் தபால்தலையை நாக்கில் தடவினார்.

"குதிரைய அறுத்தாச்சா?" என்று வெல்ட்டா பழக்கத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இல்ல. பின்னால எடுத்துட்டேன்."

"அப்ப ஜெயிக்கலாமா?"

"ஜெயிக்கலாம்."

வெல்ட்டா அட்டையை வாங்கிப் பார்த்தாள். நகர்வுக்குக் கீழே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.