ஊரில் என் ஓட்டைப் போட்டவருக்காக ஒரு லீவு

மெஸ் போர்டில் இதை ஒட்டுகிறேன். யாரும் கிழிக்க வேண்டாம்.

இன்று சாப்பாட்டு நேரத்தில் எங்கள் சைட் இன்ஜினியர், அமெரிக்காவில் கொலராடோக்காரர், தபாலில் வந்த ஓட்டுச்சீட்டில் குறி போட்டுக்கொண்டிருந்தார். அவர் மாநிலத்தின் செனட்டர் மறுபடியும் நிற்கிறாராம்.

"இந்தத் தடவை அவரை வீட்டுக்கு அனுப்பியே தீருவேன்" என்று உறையை ஒட்டி, ஃபஹாஹீல் தபால் ஆபீசில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.

"நீ எப்படி ஓட்டுப் போடுவாய்?"

இந்த வளைகுடா நாட்டிலிருந்து முடியாது என்றேன். ஆனால் போன வருஷம் இரண்டு தேர்தலிலும் என் ஓட்டு விழுந்துவிட்டது. தம்பி எழுதியிருந்தான்: "அண்ணே, நீங்க வரலன்னாலும் உங்க ஓட்ட யாரோ குத்திட்டுப் போயிட்டாங்க."

இதைச் சொன்னபோது இன்ஜினியர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

டூட்டி முடிந்ததும், அடுத்த மாத லீவை ஊரில் தேர்தல் அறிவிக்கும்வரை தள்ளிவைக்கும்படி ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ரூம்மேட் செல்வின் கத்தினார்: "ஓய், ரெண்டு வருசமா பொண்டாட்டி மொகத்தப் பாக்கல்ல. கிறுக்கா உமக்கு?"

இருக்கட்டும். அடுத்த தேர்தலில் வரிசையின் முதல் ஆள் நான்தான். ஓட்டுப் போட்டுவிட்டு வாசலிலேயே நிற்பேன். என் பெயரைச் சொல்லிக்கொண்டு வருபவரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

உங்கள் ஓட்டும் இப்படிப் போயிருந்தால் கீழே பெயர் எழுதுங்கள். என் மனைவிக்கு மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள்.