ஸ்கேலின் சத்தமில்லாத கம்ப்யூட்டர்

அவனை எல்லோரும் ஸ்கேல் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓர் ஆணி அடிக்கச் சொன்னால்கூட மூன்று தரம் அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, அப்புறமும் தள்ளி நின்று பார்க்கிற ஆள். பட்டப்பெயர் வைத்தவள் அவனுடைய அக்காதான்.

இன்னும் கட்டாத வீடுகளுக்குப் படம் செய்வது அவன் தொழில். சோபா, ஜன்னல், ஜன்னல் வழியே விழும் வெயில் எல்லாம் நிஜம்போல வர வேண்டும். ஒரு படத்தை முடிக்க கம்ப்யூட்டருக்கு மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். அத்தனை நேரமும் அதன் விசிறிகள் மிக்சி ஓடுவதுபோல் கத்தும். வீடோ ஒரே அறை. அவன் நாற்காலிக்கு நாலடி பின்னால் அக்காவின் கட்டில். அவளுக்கு இடுப்பெலும்பில் புற்று. இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மாத்திரை ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. ஆனால் நாலு மணி நேரம் தாங்கினாலே பெரிய விஷயம்.

வலியை அவனால் ஒன்றும் செய்ய முடியாது. சத்தத்தையாவது ஒழித்தால் பகலில் கொஞ்சம் தூங்குவாளே என்று கங்கணம் கட்டிக்கொண்டான். அவளை ஒரு வார்த்தை கேட்டானா? கேட்கவில்லை. அங்கேதான் கோட்டை விட்டான், மடையன்.

கட்டம் போட்ட நோட்டில் திட்டம் வரைய ஆரம்பித்தான். சூடாகிற சிப்புகளின்மேல் உள்ளே குடைந்த உலோகக் கட்டியை ஒட்டவைத்து, அதற்குள் தண்ணீரை ஓடவிட வேண்டும். சூடான தண்ணீர் குழாய் வழியே ரேடியேட்டருக்குப் போய் ஆறித் திரும்ப வேண்டும். ரேடியேட்டர் பெரிதாக இருந்தால், அதற்கு மெதுவாகச் சுற்றும் விசிறி போதும். பெட்டிக்குள் அடங்காத ஒன்றை மேஜைக்கடியில் மாட்டுவது என்று முடிவு செய்தான். பம்பின் அதிர்வு மேஜைக்கு ஏறக்கூடாது என்று அதன் கீழே பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு இரண்டு. வரைவதும் அழிப்பதுமாக ஐந்து வாரம் போயிற்று.

"இது எத்தனாவது படம்டா?" என்று அக்கா கேட்டாள்.

"பதினொண்ணு."

"நீ முடிக்கிறதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவன் குனிந்து பென்சிலைச் சீவ ஆரம்பித்தான்.

எல்லாம் பூட்டிய பிறகு, பம்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்புக்கும் அடியில் டிஷ்யூ பேப்பர் வைத்துப் பார்த்தான். ஒரு துளி ஈரமில்லை. மறுநாள் காலையில் வேலையைத் தொடங்கினான். கம்ப்யூட்டர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வதுகூடக் கேட்டது. திரும்பிப் பார்த்தான். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பி அசையாமல் படுத்திருந்தாள். அவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பத்து நாள் அப்படியே போயிற்று. பார்க்க வந்த நர்ஸம்மாவிடம், அக்கா இப்போதெல்லாம் பகலில் அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறாள் என்று பெருமையடித்துக்கொண்டான். நர்ஸம்மா அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோராம் நாள் துணி துவைக்கும்போது அக்காவின் துண்டில் ஒரு முனை கடிபட்டு நைந்திருந்தது. எலி என்று நினைத்தான். இன்னொரு துண்டும் அப்படியே இருந்தது. அதில் லேசாக ரத்தக்கறை. ஈரத்துண்டோடு கட்டிலருகே போய் நின்றான். அக்கா துண்டைப் பார்த்தாள், அப்புறம் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"முன்னாடி அது கத்தும்போது நானும் கூடவே கத்திக்குவேன்டா. நீ திரும்பிப் பாக்க மாட்ட. கொஞ்சம் ஆறுதலா இருக்கும். இப்ப மூச்சு விட்டாக்கூட உனக்குக் கேட்டுடுமே."

"சொல்லியிருக்கலாம்ல, அக்கா."

"எனக்காகத்தான இவ்வளவும் பண்ணின? எப்படிடா சொல்றது?"

அன்றைக்கே தண்ணீரை வடித்துக் குழாய்களைக் கழற்றினான். பழைய விசிறிகளை மாட்டி, வேலை எதுவும் இல்லாமலே முழு வேகத்தில் ஓடவிட்டு, வெறும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து, அந்த இரைச்சலுக்கு மேலே மெல்லிசாக ஒரு கீச்சுக்குரல் எழுந்தது. அவனுக்குத் தெரிந்த சத்தம்தான். மாதக்கணக்காகக் கேட்டது. விசிறியின் பேரிங் தேய்ந்துவிட்டது என்று நினைத்து இரண்டு தரம் எண்ணெய்கூட விட்டிருக்கிறான்.

திரும்பிவிடக்கூடாது என்று மேஜையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான்.