நீல மூலைக்காரன்

இங்கிலாந்தில் பதினோரு வருடம் காசுக்குக் குத்துச்சண்டை போட்டேன். தோற்பதுதான் என் வேலை. சிவப்பு மூலையில் அந்த ஊர்ப் பெடியன் நிற்பான். மண்டபம் முழுக்க அவனுடைய ஆட்கள். நீல மூலையில் நான். அவன் வளர வேண்டும், அதற்கு நான் அடி வாங்க வேண்டும். ஆனால் விழக்கூடாது. விழுந்தால் நான்கு கிழமை, கிட்டத்தட்ட ஒரு மாதம், மேடையேற விடமாட்டார்கள்; காசும் வராது. அதனால் விழாமல் நிற்கப் பழகினேன். மண்டை கலங்குகிற அடிக்கெல்லாம் சிரித்தேன். சிரிக்கிறவனைப் பார்த்து நடுவர் சண்டையை நிறுத்த மாட்டார். இதைத் திறமை என்று வேறு நினைத்தேன். மடையன்.

பிறகு கல்யாணம் செய்து சுவிஸில் பீல் நகரத்துக்கு வந்தேன். மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை. இங்கே பிறந்த மகளிடம், அப்பா சாம்பியன் என்று சொல்லி வைத்தேன். பதினைந்து வயதிலும் சிநேகிதிகளிடம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இந்த வருடம் கை நடுங்கத் தொடங்கியது. நாக்கும் குழறியது. பேர்னில் நரம்பு வைத்தியரிடம் போனோம். எனக்கு ஆங்கிலம் வரும், அவருக்கும் வரும். ஆனால் நான் கதைத்தது அவருக்கு விளங்கவில்லை. மகள்தான் ஜெர்மனில் திருப்பிச் சொன்னாள். இருபது வயது, தாதிக்குப் படிக்கிறாள்.

"அடி வாங்கி எத்தினை தரம் நினைவு தப்பினதெண்டு கேக்கிறார், அப்பா."

"ஒருக்காலும் இல்லையெண்டு சொல்லு."

"ஒருக்காலுமோ?"

"ஓம். சொல்லன்."

அவள் சொல்லவில்லை. வைத்தியர் பேனையைப் பிடித்தபடி காத்திருந்தார். நான் சிரித்தேன்.

"சிரிக்காதேங்கோ. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். உங்கட சண்டையெல்லாம் ஆரோ இணையத்தில போட்டிருக்கினம். பன்னிரண்டு வயசிலயே பாத்திட்டன். நீங்கள் வெண்டது ரெண்டே ரெண்டு."

"மூண்டு. ஒண்டை ஒருத்தரும் படம் பிடிக்கேல்லை."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏனப்பா விழேல்லை? விழுந்திருந்தா நிப்பாட்டியிருப்பினம்தானே."

"விழுந்தா நாலு கிழமை..."

"நாலு கிழமை வீட்டில இருந்திருக்கலாம்."

பன்னிரண்டு வயதிலேயே எல்லாம் தெரிந்துகொண்டு, என் பொய்யை எனக்காகச் சுமந்திருக்கிறாள். அந்த அறையில் எனக்கு என் மேல் வந்த கோபம் எந்த எதிராளி மேலும் வந்ததில்லை.

சொன்னேன். நின்றபடியே நினைவில்லாமல் சண்டை முடித்த நாட்களை. லீட்ஸில் ரயிலேறி, எங்கே இறங்குவதென்று தெரியாமல் கடைசி நிலையம் வரை போனதை. சண்டைக்கு முன் சோதிக்கிற வைத்தியர்களிடம் தலையிடியை மறைத்ததை. ஒவ்வொன்றையும் அவள் ஜெர்மனில் சொன்னாள். குரல் நடுங்கவில்லை.

எழுதி முடித்த வைத்தியர், கால்களைச் சேர்த்துக் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். நிற்பதுதானே என் தொழில்.

நான்கு எண்ணியிருக்க மாட்டேன். மகளின் தோளில் கிடந்தேன்.