விஞ்ஞான ஆசிரியர் போட்ட கையெழுத்து

தெப்பக்குளத்துத் தண்ணீரில் ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் விட்டு, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, "பாருங்க தமிழய்யா" என்றார் விஞ்ஞான ஆசிரியர். வெறும் பச்சைத் தண்ணீர் என்று நினைத்திருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. உள்ளே உயிர்கள் துடித்து நீந்திக்கொண்டிருந்தன. மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி அது. சேற்றிலும் நீரிலும்தான் முதல் உயிர் தோன்றியிருக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்வார்; ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்கும் போவார். "மண்ணைப் பிசைஞ்சு மனுசனைப் படைச்சார்னு வேதம் சொல்லுது. பிசைய எம்புட்டுக் காலமாச்சுன்னு சொல்லலையே" என்பார். சபையாருக்கு அது பொறுக்கவில்லை. போதகர் இரண்டு முறை கூப்பிட்டுக் கண்டித்திருந்தார்.

கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து, ஓர் ஐப்பசியில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள், ஞானஸ்நானம் கொடுக்கும் முன்பே, இறந்துபோனது. மழையில் நனைந்தபடி நானும் அவரோடு போதகர் வீட்டுக்குப் போனேன். "ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துல இடமில்ல. வேணும்னா, நீங்க பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுத்தது பொய்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றார் போதகர். ஆசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். துணி சுற்றிய பிள்ளையை மடியிலிருந்து இறக்க மறுத்து வீட்டில் அவர் மனைவி உட்கார்ந்திருந்த கோலம் என் கண்ணில் நின்றது. "போட்ருங்க சார், வெறும் காகிதந்தானே" என்றேன். போட்டார். பொழுது சாயுமுன் அடக்கம் முடிந்தது.

எட்டாம் நாள் துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். அந்த அம்மா அவரிடம் கேட்டார்: "நம்பாததை நம்புறேன்னு ஆண்டவர் பேரால எழுதிக் குடுத்தீங்களே, அதுல எம் பிள்ளை எப்படிங்க நிம்மதியாத் தூங்கும்?" அவர் எழுந்து போதகர் வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். காகிதத்தைத் திருப்பிக் கேட்டார். "அப்ப பிள்ளையையும் எடுத்துக்கிட்டுப் போங்க" என்று குரலை உயர்த்தாமல் சொன்னார் போதகர். ஆசிரியர் வெறுங்கையோடு திரும்பினார். "உயிர் எப்படி வந்துச்சுன்னு புத்தகத்துல தேடலாம். ஏன் போச்சுன்னு யாருகிட்டக் கேக்க?" என்றார் வழியில். அதன் பிறகு, உயிர் தோன்றிய பாடம் வரும்போதெல்லாம் ஒரு மாணவனை வாசிக்கச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுவிடுவார்.

சில வருடங்களில் காசநோய் அவரைக் கொண்டுபோனது. பொய் எழுதியவன், தன் மகள் பக்கத்தில் படுக்கக் கூடாது, எரித்து வைகையில் கரைத்துவிடுங்கள் என்று எழுதி வைத்திருந்தார். "நீங்க சொன்னாக் கேப்பாரே தமிழய்யா, அப்படி எழுத வேணாம்னு நீங்களாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அந்த அம்மா அழுதார். நான் சொல்லி அவர் கேட்டது ஒரே ஒரு முறைதான் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது.