எங்கள் வீட்டுக்குச் செய்த தட்டி

எனக்குக் கல்யாணம் ஆனது அறுபதுகளின் கடைசியில். பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஓட்டு வீடு, ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, இன்னொரு மூலையில் ராகி மூட்டைகள், மிச்ச இடத்தில் அம்மா, நான், தம்பி. அதில்தான் என் மனைவியும் வந்து சேர்ந்தாள். அவளுக்குக் கம்பைநல்லூர்ப் பக்கம். அவர்களும் எங்களைப் போல ஏழைகள்தான், ஆனால் அவர்கள் வீட்டில் கதவு வைத்த அறை ஒன்று தனியாக இருந்தது.

சேலை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போவாள். மழை நாளில் தம்பியும் உள்ளேதான் படுப்பான். அவள் படுக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். நாங்கள் இருவரும் பேச வேண்டியதைக் கிணற்றடியில் பேசினோம். அதுவும் யாராவது குடத்தோடு வந்தால் நிறுத்திவிடுவோம்.

கிணற்றடியில்தான் ஒரு நாள் சொன்னாள்.

"மாதா திருநாளுக்கு எங்கண்ணன் கூட்டிட்டுப் போக வருவாங்க. அதுக்குள்ள வூட்டுக்கு ஒரு மறைப்பு செய்யுங்க. இருந்துச்சுன்னா திருநா முடிஞ்சதும் வந்துடறேன். இல்லீன்னா என்னால திரும்பி வர முடியாதுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் அப்போது மளிகைக் கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். தேயிலை வந்த காலிப் பெட்டிகளை முதலாளி எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஓரத்துத் தகரத்தைப் பிரிக்கும்போது கை கிழிந்தது. உள்ளே இருந்த ஒட்டுப் பலகை மெலிசாக, எடையே இல்லாமல் இருந்தது. வேப்பங்கட்டையை அறுத்து இழைத்து ஆள் உயரத்துக்கு மூன்று சட்டம் கூட்டி, அதில் பலகையை வைத்து ஆணி அடித்தேன். மூன்றையும் கீல் போட்டு இணைத்தால் விரித்து நிறுத்தலாம், வேண்டாதபோது மடக்கிச் சுவரில் சாய்த்துவிடலாம்.

கீலில்தான் தப்பு செய்தேன். எல்லாவற்றையும் ஒரே பக்கமாக அடித்துவிட்டேன். மடக்கினால் இரண்டு ஓரப் பலகைகளும் உள்ளுக்குள் முட்டிக்கொண்டு நின்றன. மனைவி வந்து பார்த்தாள். கடைக் காகிதம் ஒன்றை எடுத்து விசிறி மாதிரி முன்னும் பின்னுமாக மடித்துக் காட்டினாள்.

"இப்பிடி வரணுமுங்க. ஒரு மூட்டுக்கு இந்தப் பக்கம் அடிச்சா, அடுத்ததுக்கு அந்தப் பக்கம். பொட்டலம் கட்டறவருக்கு மடிக்கத் தெரியலயே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

உள்ளே இடமில்லாததால் வேலையெல்லாம் தெருவில் வைத்துத்தான் நடந்தது. கீலை மாற்றி அடித்து விரித்து நிறுத்தியிருந்தேன். மாட்டுக் கொட்டகைக்காரர் வீட்டு அம்மாள் இன்னொரு பெண்ணோடு களையெடுப்பு முடிந்து அந்த வழியாக வந்தார்.

"என்ன தம்பி, கூத்துக்குத் திரை கட்டறீங்களா?"

"கூத்து வூட்டுக்குள்ளதான் போல இருக்குதுக்கா," என்றாள் கூட வந்தவள்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. உள்ளேயிருந்து அம்மா வேகமாக வெளியே வந்தார்.

"கோயிலுக்குங்க. சாமியாரு பாவசங்கீர்த்தனம் கேக்கறப்ப வெக்கறதுக்கு. எம்மவன் நேந்துக்கிட்டான்."

எங்கள் ஊர்க் கோயில் சின்னது. மாதத்துக்கு ஒரு தடவை சாமியார் வந்து பூசை வைப்பார். சனங்கள் அவரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு, நடுவில் ஒரு பழைய சேலையைத்தான் கட்டி மறைப்பார்கள். அம்மா அதை நினைத்துச் சொன்னாரா, வாயில் வந்ததைச் சொன்னாரா, தெரியாது. ஆனால் நேர்ச்சை என்று ஒரு வார்த்தை வெளியே வந்துவிட்டால் அந்தப் பொருள் கோயிலுடையது. எங்கள் சனத்தில் அதைத் திருப்பி வீட்டுக்குள் வைக்க யாருக்கும் துணிவு வராது. நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். கையில் சுத்தியலோடு குனிந்தே இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் வந்துவிட்டார். தட்டியைத் தடவிப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்குதுப்பா. நடுவுல ஒரு சிலுவை மட்டும் வெச்சுக் குடுத்துரு."

நானே செதுக்கி, நானே அடித்தேன். இரண்டு ஆட்கள் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா அப்பிடிச் சொல்லிட்டாங்களே," என்றேன்.

"அத்தை சொல்லத்தான் சொன்னாங்க. குடுத்தது நீங்க."

அவள் அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போனார். நான் கடையிலிருந்து மறுபடியும் பெட்டிகள் கொண்டு வந்தேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு செஞ்சா மொத ஒண்ணு எதுக்குன்னு ஊருக்கே தெரிஞ்சு போகும்டா," என்றார். அவர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. பெட்டிகளில் ராகியைக் கொட்டி வைத்தார்.

திருநாள் முடிந்தது. அவள் வரவில்லை. பிறகு கடைக்குப் பின்னால் காலியாக இருந்த ஒரு சின்ன அறையை முதலாளியிடம் கேட்டேன். தாழ்ப்பாள் உள்ள அறை. தருகிறேன் என்றார். அதைச் சொல்லத்தான் மாமனார் ஊருக்குப் போனேன்.

அன்றைக்கு அவர்கள் வீட்டு வாசலில், பிடுங்கிக் குவித்த செடிகளிலிருந்து கடலைக்காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். மாமனார், மச்சான், மச்சான் பெண்டாட்டி, அக்கம்பக்கத்துப் பெண்கள், எல்லோரும் குவியலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவள் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"செஞ்சுட்டீங்களா?" என்றாள், தணிந்த குரலில்.

எல்லாக் கைகளும் நின்றுவிட்டன. அறை பார்த்திருக்கிறேன், வா என்று சொன்னால் போதும். அதை அத்தனை பேர் எதிரில் என் வாய் சொல்லவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். மாமனார் மழையைப் பற்றி ஏதோ கேட்டார். பதில் சொன்னேன். செம்பை வாங்கிக்கொண்டு அவள் கேட்டாள்:

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்களா?"

ஆமாம் என்றேன்.

கடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு அடுத்த மாதமே வேறு ஆள் வந்துவிட்டார். எங்கள் சபையில் கல்யாணத்தைத் தீர்த்துவிடுவது கிடையாது. அவள் அங்கே, நான் இங்கே, இன்றைக்கும் புருஷன் பெண்டாட்டிதான்.