வரட்டும் அக்கா

வந்ததும் முதல் வேலையாக அழிக்கிறார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, புரோகிராமில் யாரோ நாள்கணக்கில் உட்கார்ந்து எழுதிய "இந்த மெஷினா இருந்தா இப்படி, அந்த மெஷினா இருந்தா அப்படி" என்கிற நூறு வரிகளைத் துடைத்தெறிகிறார். அதற்கப்புறம்தான் காபி.

மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் அவருக்குப் பேர் வரட்டும் அக்கா. ரத்தப் பரிசோதனை மெஷின்கள் அனுப்பும் எண்களை அறிக்கையாக்கும் புரோகிராம் அவருடையது. ஒவ்வொரு மெஷினும் ஒரு மாதிரி பேசும். அந்தப் பேச்சைப் புரிந்துகொள்ள ஆளுக்கொரு கிளாஸ், அதாவது ஒரு சின்ன புரோகிராம் துண்டு, எழுதி, தனித்தனிக் கோப்பாக வைத்திருக்கிறார். எந்த கிளாஸ் எப்போது என்று முன்கூட்டி எங்கும் எழுதுவதில்லை. எண்கள் வந்து நிற்கும்போது, அனுப்பிய மெஷினின் பேரைப் பார்த்து, உரிய கிளாஸைப் புரோகிராமே தேடிப் பிடித்துக்கொள்ளும். "வரட்டும், மூஞ்சியப் பாத்து முடிவு பண்ணிக்கலாம்" என்பார். வீட்டிலும் இதே கதைதான். விருந்தாளிக்கு என்ன சமைப்பது என்று கணவர் கேட்டால், "வரட்டுமே, பசியப் பாத்துட்டு அடுப்பப் பத்த வெக்கலாம்." பாவம், அந்த மனுஷர் பழகிவிட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் மகா பிடிவாதம். முன்பின் தெரியாத மெஷின் பேசினால், இருக்கிற கிளாஸில் ஒன்றை எடுத்துச் சமாளிக்கக் கூடாது. தெரியாது என்று சொல்லி, அந்த அறிக்கையைப் புரோகிராம் நிறுத்திவைக்கும்.

போன வாரம் பரிசோதனைக்கூடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் புது மெஷினை மாட்டிவிட்டார்கள். பிறந்து மூன்றே நாளான குழந்தையின் மஞ்சள்காமாலை அறிக்கை நின்றுபோனது. அம்மா பையைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் புறப்படக் காத்திருக்கிறாள். மேனேஜர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அதே கம்பெனி மெஷின்தானேக்கா? பழைய கிளாஸையே எடுத்துக்கச் சொல்லுங்க. வார்டுல கத்துறாங்க."

"அண்ணன் தம்பின்னா ஒரே மாதிரியா பேசுவாங்க? இருபது நிமிஷம் குடுங்க சார்."

"மேலிடத்துல கேட்டா நம்ம ரெண்டு பேர் வேலைக்கும் உலை வெச்சுடுவாங்க."

அக்காவுக்கும் பயம்தான். ஆனாலும் மெஷினின் கையேட்டைப் புரட்டினார். பழைய மெஷின் காமாலையின் மொத்த அளவை முதலில் அனுப்பும். புதியது அதில் ஒரு சின்னப் பகுதியை முதலில் அனுப்பிவிட்டு, மொத்தத்தைக் கடைசியில் சொல்கிறது.

புது கிளாஸை எழுதி, தனிக் கோப்பாகப் போட்டார். ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் நிற்காமலே அதைப் பிடித்துக்கொண்டது. மொத்தம் பத்தொன்பது; மூன்று நாள் குழந்தைக்கு ஆபத்தான அளவு. பரிசோதனைக்கூடத்தைக் கூப்பிட்டு, மெஷினின் திரையிலும் அதுதானா என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். பழைய கிளாஸ் படித்திருந்தால், முதலில் வந்த சின்னப் பகுதியையே மொத்தம் என்று எடுத்துக்கொண்டு, ஒன்று என்று காட்டியிருக்கும். குழந்தை வீட்டுக்குப் போயிருக்கும்.

உடனே வார்டுக்குப் போன் போட்டார். "பாப்பாவ அனுப்பிடாதீங்கம்மா. பத்தொம்போது இருக்கு. டாக்டரக் கூப்பிடுங்க."

ரிசீவரை வைக்காமல் காத்திருந்தார். வெகுநேரம் கழித்து நர்ஸின் குரல் வந்தது: "காமாலை இறங்குறதுக்கு லைட்டுக்கு அடியில படுக்க வெச்சாச்சுக்கா." பின்னாலேயே குழந்தையின் வீறிட்ட அழுகை.

"நான் மட்டும் அவசரப்பட்டு…" என்று மேனேஜர் ஆரம்பித்தார்.

அக்கா கையை நீட்டி, ரிசீவரை அவர் காதில் வைத்தார்.