பச்சை வலையில் விழுந்த மயில்

எங்கள் சித்தப்பா வேட்டைக்காரராக இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். மற்ற நாட்களில் அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். முயல் பிடிக்கும் வீடியோக்களைக் கைபேசியில் பார்த்துப் பார்த்து, நமக்குத்தான் சொந்தமாகக் காடு இருக்கிறதே என்ற எண்ணம் அவருக்கு வந்துவிட்டது.

காடு என்றால் காங்கயத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே முழங்கால் உயரப் புல், அங்கங்கே வெள்வேல மரங்கள். ஒரு மூலையில் தண்ணீர் தேங்கிய பாறைக்குழி. கீழ்ப்பக்கம் புதர் மண்டிய ஓடை. புல்லுக்குள் காடையும் கௌதாரியும் இருந்தன, ஓடையில் கீரியும் உடும்பும், மரத்துக்கு மரம் மயில். முயலும் ஏராளம், கண்ணில் படுவதுதான் அபூர்வம். அதைப் பிடிப்பது குற்றம் என்று அப்பா சொன்னபோது, “நம்ம காட்டு மொசலுங்கண்ணா. நம்மளக் கேட்டுட்டா மேயுது?” என்றார் சித்தப்பா.

வலையை அவரே தைத்தார். விளையாட்டுச் சட்டைக்கென்று வந்து கழிக்கப்பட்ட, கண்ணைப் பறிக்கும் பச்சை நிற வலைத்துணி அது. வேலியில் இருந்த ஒரு சந்தில் அதை விரித்துக் கட்டினார். ஓடைப் பக்கமிருந்து தகரம் தட்டி முயலை விரட்டி வருவது எனக்கும் சித்திக்கும் வேலை. சித்தி கல்யாணமாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதே கம்பெனியில் துணிகளில் பிசிறு வெட்டும் வேலை. வர வேண்டாம் என்று சித்தப்பா சொல்லியும் பிடிவாதமாக வந்திருந்தார். நானோ முயல்கறி தின்னப்போவதாக வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

தட்டினோம். புல் அசைந்தது. பழுப்பு நிற முயல் ஒன்று காதைப் படியவைத்துக்கொண்டு நேராக வலையை நோக்கி ஓடியது. திடீரென்று சித்தி குறுக்கே ஓடி, வலைக்கு முன்னால் நின்றுகொண்டு தகரத்தை அடித்தார். முயல் திரும்பி, என் காலை உரசிக்கொண்டு ஓடைக்குள் மறைந்தது.

“ஏம்புள்ள, எந்தப் பக்கம் நின்னு தட்டறே?” என்று சித்தப்பா கத்தினார்.

“எனக்கென்னங்க தெரியும்? எங்கூட்டுல ஆரு வேட்டைக்குப் போனாங்க?” என்றார் சித்தி.

அந்தச் சத்தத்தில் மிரண்ட ஆண்மயில் ஒன்று புதரிலிருந்து ஓடிவந்து வலைக்குள் தலையைக் கொடுத்தது. கட்டு அறுந்தது. பச்சைத் துணியைப் போர்த்திக்கொண்டு மயில் காடு முழுக்க ஓடியது.

சித்தப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. “அய்யோ, மயிலு! புடிச்சு உள்ள போட்ருவாங்களே!” வேட்டி அவிழ அதன் பின்னால் ஓடினார். “நில்லுங்க சாமி! ஒண்ணும் பண்ண மாட்டனுங்க, நில்லுங்க!” மயிலிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசியவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பாறைக்குழி ஓரத்தில் மயில் கால் சிக்கி விழுந்தது. சித்தி தன் துப்பட்டாவை அதன் தலைமேல் போட்டதும் அடங்கிவிட்டது. எப்போதும் தன் கைப்பையில் வைத்திருக்கும் பிசிறு வெட்டும் கத்தரியை எடுத்து நாலு இடத்தில் வெட்டினார். மயில் எழுந்து பறந்து, வேலமரத்தில் உட்கார்ந்து எங்களைப் பார்த்து அகவியது. சித்தி நிறுத்தவில்லை. வலையைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே இருந்தார்.

“மயிலுதான் போயிருச்சே, உடு புள்ள!”

“வலையும் போவட்டுங்க.”

முயல்கறி போய்விட்டதே, வகுப்பில் என்ன சொல்வது என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. சித்தி என் கன்னத்தைத் துடைத்து, “அழுவாதே கண்ணு” என்றார். பிறகு சித்தப்பாவைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். சித்தப்பா அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் சிரித்தார். செருப்பைக்கூட மாட்டாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர், சாயங்காலம் லட்டுப் பெட்டிகளோடு வந்து தெரு முழுக்கக் கொடுத்தார். அம்மா சித்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மனைவி மாசமாக இருக்கும்போது புருசன் ஓர் உயிரையும் கொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எனக்கு அதெல்லாம் தெரியாது. மறுநாள் பள்ளிக்கு லட்டு கொண்டுபோய், எங்கள் சித்தப்பாவைப் போலீஸ் பிடிக்காமல் விட்டதற்கு என்று சொல்லி எல்லாருக்கும் கொடுத்தேன்.